வழக்கு வருமுன் காப்போம்
கடை நடத்தும் நம்மவர்களுக்குச் சில யோசனைகள்

கிழக்கே கோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் வரை நீண்டு கிடக்கும் சாலைக் கம்போளம், திவான் ராஜா கேசவதாஸ் 18-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமைத்தது. அன்று முதல் இங்கே வணிகம் செய்பவர்களில் நம் தமிழ் மக்களுக்குத் தனி இடம் உண்டு. நவராத்திரிக்கு வேளிமலை முருகன் எழுந்தருளி ஆரியசாலை தேவி கோயிலில் தங்கும் நாட்களில், சாலை முழுவதும் தமிழ்க் குரல்தான் கேட்கும். மளிகை, இரும்பு, பாத்திரம், ஜவுளி, காகிதம் என்று பல தலைமுறைகளாகக் கடை நடத்துகிறவர்கள் நம் சங்கத்தில் நிறையவே இருக்கிறார்கள்.

சரக்கு வாங்குவதில், விற்பதில், வரி கட்டுவதில் இவர்களுக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் கடையில் வேலை பார்க்கும் ஆட்களைப் பற்றிய சட்டம் என்று வரும்போது மட்டும் பலர் அசட்டையாக இருந்துவிடுகிறார்கள். தொழிலாளர் அலுவலகத்திலிருந்து ஒரு நோட்டீஸ் வந்த பிறகுதான் வக்கீலைத் தேடி ஓடுகிறார்கள். நான் வக்கீல் அல்லன். ரயில்வேயில் பாதைப் பராமரிப்புப் பிரிவில் டிப்ளமோ படிப்போடு சேர்ந்து, பல ஆண்டுகள் கேங்மேன்களோடும் மஸ்டர் ரோலோடும் குடும்பம் நடத்தி ஓய்வு பெற்றவன். இலாகா விசாரணைகள் பலவற்றை நடத்திய அனுபவம் உண்டு. அந்த அனுபவத்தையும், அதன்பின் படித்துத் தெரிந்துகொண்டதையும் வைத்தே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

வழக்கு எப்படிப் பிறக்கிறது?

ஆரியசாலையில் எனக்குத் தெரிந்த ஒரு வியாபாரி. பெயர் வேண்டாம். கடையில் 12 பேர் வேலை. அவர்களில் ஒருவர் தோவாளைப் பக்கத்திலிருந்து சிறு வயதில் வந்து 23 ஆண்டுகள் வேலை பார்த்தவர். கடை மாடியிலேயே தங்கல், முதலாளி வீட்டுச் சாப்பாடு. ஒரு நாள் சரக்குக் கணக்கில் குறைவு என்று வாய்ப்பேச்சு முற்றியது. "நாளை முதல் கடைப் பக்கம் வராதே" என்று முதலாளி சொல்லிவிட்டார். அவரும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். மூன்று மாதம் கழித்து நோட்டீஸ் வந்தது. காரணமின்றி வேலையிலிருந்து நீக்கம், கிராஜுவிட்டி இல்லை, குறைந்தபட்சக் கூலி பாக்கி, விடுமுறைச் சம்பளம் பாக்கி என்று நான்கு கோரிக்கைகள்.

நோட்டீசை என்னிடம் காட்டியபோது அந்த வியாபாரிக்குக் கோபத்தைவிட வருத்தமே அதிகம். "என் வீட்டுச் சோற்றைச் சாப்பிட்டவன் என் மேல் கேஸ் கொடுக்கலாமா?" என்று கேட்டார். மறுபக்கத்தைக் கேட்டால் அவர் சொன்னது: "23 வருஷம் உழைத்தேன். திருடினாயா என்று கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அண்ணாச்சி அதைக்கூடக் கேட்கவில்லை." இருவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் அலுவலகத்தில் அதிகாரி கேட்டது வேறு. நியமனக் கடிதம் எங்கே, வருகைப் பதிவேடு எங்கே, சம்பளப் பதிவேடு எங்கே, விசாரணை நடந்ததா? நான்குக்கும் வியாபாரியிடம் பதில் இல்லை.

ஆரியசாலை என்றில்லை, எங்கும் வழக்குகள் பெரும்பாலும் மூன்று இடங்களில்தான் முளைக்கின்றன. எழுத்தில் எதுவும் இல்லாமை ஒன்று. கோபத்தில் ஆளை நிறுத்துவது இரண்டு. போகும்போது கணக்குத் தீர்க்காமை மூன்று. இம்மூன்றையும் அடைத்துவிட்டால் முக்கால்வாசி வழக்கு வராது. வந்தாலும் நிற்காது.

ரயில்வேயே தோற்ற வழக்கு

நம் கடைக்காரர்கள் மட்டுமல்ல, வக்கீல் படையே வைத்திருக்கும் பெரிய நிறுவனங்களும் இதில் சறுக்கியிருக்கின்றன. நான் வேலை பார்த்த தென்னக ரயில்வேயிலேயே நடந்த கதையைச் சொல்கிறேன். 1948-ல் தினக்கூலி கேங்மேனாகச் சேர்ந்த ராபர்ட் டிசோசா என்பவர் 1974 வரை வேலை பார்த்தார். வேலைக்கு வரவில்லை என்று கூறி அவர் பெயரைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டார்கள். நோட்டீசும் இல்லை, நஷ்ட ஈடும் இல்லை. "தினக்கூலிதானே, வராதவன் பெயரை எடுத்தோம்" என்பது நிர்வாகத்தின் வாதம்.

வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1982-ல் தீர்ப்பு வந்தது. வராததற்காகப் பெயரை அடிப்பதும் ஆட்குறைப்புதான், சட்டம் கூறும் நோட்டீசும் நஷ்ட ஈடும் தராமல் செய்தது செல்லாது என்று நீதிமன்றம் கூறிவிட்டது. 26 ஆண்டு வேலை பார்த்த மனிதரைத் தினக்கூலி என்று அழைப்பதும் எடுபடவில்லை.

இதிலிருந்து நம் கடைக்காரர்கள் அறிய வேண்டியது இரண்டு. "நான் நிறுத்தவில்லை, அவனாகவே வரவில்லை" என்று வாயால் சொன்னால் போதாது. ஆள் வராவிட்டால், "இன்ன தேதி முதல் வரவில்லை, இன்ன தேதிக்குள் வந்து சேரவும், இல்லையேல் காரணம் தெரிவிக்கவும்" என்று பதிவு வசதியோடு விரைவுத் தபாலில் வீட்டு விலாசத்துக்குக் கடிதம் போட வேண்டும். பதில் வராவிட்டால் மீண்டும் ஒன்று. தபால் ரசீதையும் சேர்ப்பித்ததற்கான சான்றையும் பத்திரப்படுத்த வேண்டும். சில நூறு ரூபாய்க்குள் முடியும் இந்தக் காரியம், பின்னால் லட்சங்களைக் காப்பாற்றும். இரண்டாவதாக, தற்காலிகம், தினக்கூலி என்று நாம் வைக்கும் பெயரைச் சட்டம் பார்ப்பதில்லை. எத்தனை நாள் வேலை செய்தார் என்பதையே பார்க்கும். ஓராண்டில் 240 நாள் என்ற கணக்கை எல்லோரும் நினைவில் வைக்க வேண்டும்.

காகிதம்தான் சாட்சி

கடைகளுக்கு இங்கே அடிப்படையான சட்டம் 1960-ம் ஆண்டின் கேரளக் கடைகள் மற்றும் வணிக நிறுவனங்கள் சட்டம். இதோடு, 2025 நவம்பர் 21 முதல் மத்திய அரசு நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை நடைமுறைக்குக் கொண்டுவந்திருக்கிறது. கூலி, தொழில் உறவு, சமூகப் பாதுகாப்பு, பணியிடப் பாதுகாப்பு ஆகிய நான்கு. பழைய 29 மத்தியச் சட்டங்கள் இவற்றுள் அடங்கிவிட்டன. பெயர்கள் மாறினாலும் கடைக்காரர் செய்ய வேண்டிய காரியங்கள் பெரிதும் அவையேதான்.

முதலாவது, நியமனக் கடிதம். ஆள் சொந்தக்காரரானாலும், ஊர்க்காரரானாலும் கொடுக்க வேண்டும். புதிய தொகுப்பு இதை வற்புறுத்துகிறது. வேலை என்ன, சேர்ந்த தேதி, சம்பளம், வேலை நேரம், விடுமுறை ஆகியவை ஒரு பக்கத்தில் அடங்கும். அவருக்குப் புரியும் மொழியில் இருக்கட்டும். ஒரு பிரதியில் அவர் கையெழுத்தை வாங்கி ஃபைலில் வையுங்கள்.

இரண்டாவது, வருகைப் பதிவேடு. நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்பது வரம்பு. அதற்கு மேல் போனால் இரட்டிப்புக் கூலி. ஓணம் சீசனில் இரவு வெகுநேரம் கடை திறந்திருக்கும். அந்த நேரத்தைப் பதிவேட்டில் எழுதாமல் விட்டால் லாபம் என்று எண்ண வேண்டாம். எவ்வளவு நேரம் வேலை நடந்தது என்ற தகராறு வந்தால், கணக்கு வைத்திருக்க வேண்டியது முதலாளி என்பதால், கணக்கு இல்லாமையே அவருக்கு எதிராகத் திரும்பும்.

மூன்றாவது, சம்பளம். வங்கி மூலம் கொடுப்பதே நல்லது. கையில் கொடுத்தால் ரசீது வேண்டும். அட்வான்ஸ், கல்யாணச் செலவுக்குக் கொடுத்தது, ஊருக்கு அனுப்பியது எல்லாவற்றையும் தேதி போட்டு எழுதுங்கள். "குறைந்த கூலிக்கு அவனே சம்மதித்துக் கையெழுத்துப் போட்டான்" என்பது வாதமே ஆகாது. அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே செய்துகொள்ளும் ஒப்பந்தம் செல்லாது. அடிப்படைச் சம்பளத்தைச் சிறிதாகக் காட்டி, மீதியைப் பலவகைப் படிகளாகப் பிரிக்கும் பழைய தந்திரமும் இனி பலிக்காது. படிகள் மொத்தத்தில் பாதிக்கு மேல் போனால், மிகுதி சம்பளமாகவே கணக்கிடப்படும்.

கிராஜுவிட்டி: மறந்துபோகும் கடன்

நம்மவர்களை அதிகம் அதிரவைப்பது இதுதான். 10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை பார்க்கும் கடைக்குக் கிராஜுவிட்டி உண்டு. ஒரு முறை சட்டம் பொருந்திவிட்டால், பின்னால் ஆட்கள் 8 ஆகக் குறைந்தாலும் அது விலகாது. 5 ஆண்டு தொடர்ந்து வேலை செய்தவருக்கு, ஓர் ஆண்டுக்கு 15 நாள் சம்பளம். மாதத்தை 26 நாளாகக் கொண்டு கணக்கிட வேண்டும். இறந்துபோனால் 5 ஆண்டு என்ற நிபந்தனை இல்லை. குறிப்பிட்ட காலத்துக்கு என்று ஒப்பந்தத்தில் சேர்ந்தவருக்குப் புதிய தொகுப்பின்படி ஓராண்டு முடிந்தாலே விகிதப்படி உரிமை உண்டு.

மேலே சொன்ன தோவாளைக்காரரின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மாதச் சம்பளம் 18,000 ரூபாய். அதை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கினால் 10,384 ரூபாய் 62 காசு. இதை 23 ஆண்டால் பெருக்கினால் ஏறக்குறைய 2,38,846 ரூபாய். 30 நாளுக்குள் கொடுக்காவிட்டால் வட்டியும் சேரும். "சரக்கில் குறைவு வந்தது, அதனால் கொடுக்க மாட்டேன்" என்று சொல்ல முடியுமா? குற்றம் நிரூபணமாகி, அதற்காக வேலை நீக்கம் செய்யப்பட்டிருந்தால், நஷ்டத்தின் அளவுக்குப் பிடிக்கலாம். விசாரணையே நடத்தாதவர் எதைக் கொண்டு நிரூபிப்பார்?

இதை ஒரே நாளில் கொடுப்பது சிறு கடைக்குப் பெரும் பாரம். வருடா வருடம் கணக்கிட்டு ஒதுக்கி வைத்தால் பாரமே தெரியாது. எல்.ஐ.சி.யில் குழு கிராஜுவிட்டித் திட்டம் இருக்கிறது. 10 பேருக்கு மேல் உள்ள கடைகள் இ.எஸ்.ஐ.யிலும் சேர வேண்டும். மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவர்களுக்கு முதலாளி பங்கு நூற்றுக்கு 3.25, தொழிலாளி பங்கு 0.75. இதைச் செலவு என்று பார்ப்பவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். இ.எஸ்.ஐ.யில் உள்ளவருக்கு வேலையில் விபத்து நேர்ந்தால் நிவாரணத்தை அந்த நிறுவனம் ஏற்கும். இல்லாவிட்டால் முழு நஷ்ட ஈடும் கடைக்காரர் தலையில்.

விபத்துச் சட்டத்தில் இன்னொரு நுட்பமும் உண்டு. தொழிலாளியின் கவனக்குறைவால் நேர்ந்தது என்பது பொதுவாக விடுதலை தராது. ஏணி ஆடுகிறது என்று தெரிந்தும் ஏறினான் என்று சொல்வதைவிட, ஆடும் ஏணியை அன்றே அப்புறப்படுத்துவது மேல். ரயில் பாதையில் நாங்கள் விரிசல் கண்ட தண்டவாளத்தை எழுதி வைத்துவிட்டுப் போவதில்லை. உடனே வேகக் கட்டுப்பாடு போட்டு, மாற்றுகிற வேலையைத் தொடங்குவோம். கடைக்கும் அதே விதிதான்.

சுமை இறக்குவது பற்றியும் ஒரு வார்த்தை. 1978-ம் ஆண்டின் கேரளச் சுமைத் தொழிலாளர் சட்டம் இங்கே தனி. கடையின் சொந்த ஆட்களைக் கொண்டு லாரிச் சரக்கை இறக்க விரும்புவோர், அந்த ஆட்களுக்கு உரிய பதிவு அட்டையை முன்கூட்டியே பெற்று வைப்பது நல்லது. வேலை செய்யாமல் கேட்கப்படும் நோக்குகூலியை மாநில அரசு 2018 மே 1 முதல் நிறுத்தியது. ஆனாலும் தெருவில் வாக்குவாதம் செய்வது வீண். எழுத்தில் புகார் கொடுங்கள்.

விசாரணை நடத்துவது எப்படி?

ஆறு மாதம் தொடர்ந்து வேலை செய்தவரைத் தக்க காரணமும் ஒரு மாத நோட்டீசும், அல்லது அதற்கு ஈடான சம்பளமும் இல்லாமல் நீக்கக் கூடாது என்று கேரளக் கடைகள் சட்டம் கூறுகிறது. குற்றத்துக்காக நீக்குவதானால் நோட்டீஸ் வேண்டாம். ஆனால் விசாரணை நடத்தி, சாட்சியம் பதிவு செய்து, குற்றம் நிரூபணமாகியிருக்க வேண்டும்.

ரயில்வேயில் 1968-ம் ஆண்டின் ஒழுங்கு மற்றும் மேல்முறையீட்டு விதிகள் உண்டு. பெரிய தண்டனைக்கான குற்றப் பத்திரத்தை எஸ்.எஃப். 5 என்போம். அந்த நடைமுறையின் சாரத்தைக் கடைக்கு ஏற்பச் சுருக்கித் தருகிறேன்.

1. குற்றத்தைத் தெளிவாக எழுதுங்கள். "நடத்தை சரியில்லை" என்றால் குற்றச்சாட்டு ஆகாது. எந்தத் தேதி, எந்தச் சரக்கு, எவ்வளவு குறைவு என்று இருக்க வேண்டும்.

2. பதில் சொல்ல நியாயமான அவகாசம் கொடுங்கள். பதிலைப் படித்துப் பாருங்கள். பல சமயம் அதிலேயே விஷயம் தீர்ந்துவிடும்.

3. விசாரிப்பவர் வேறு, குற்றம் சாட்டுபவர் வேறாக இருக்கட்டும். நேரில் பார்த்த சாட்சியே நீதிபதியாகவும் உட்காரக் கூடாது. வெளியாள் ஒருவரை அமர்த்தலாம்.

4. சாட்சிகளை அவர் முன்னிலையில் விசாரியுங்கள். குறுக்கு விசாரணை செய்ய அவருக்கு இடம் கொடுங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து வாங்குங்கள்.

5. அறிக்கையின் நகலை அவருக்குக் கொடுத்து, அவர் சொல்வதைக் கேட்ட பிறகே முடிவு எடுங்கள்.

6. தண்டனை குற்றத்தின் அளவுக்கு இருக்கட்டும். 20 ஆண்டு வேலை செய்தவர் ஒரு நாள் தாமதமாக வந்ததற்கு வேலை நீக்கம் என்றால் எந்த மன்றமும் ஏற்காது.

விசாரணைக் காலத்தில் ஆளை நிறுத்தி வைத்தால் பிழைப்புப்படி கொடுத்தே ஆக வேண்டும். இதற்கும் ஒரு பாடம் உண்டு. கோலார் தங்கவயலில் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம், பாதுகாப்பு அதிகாரியாக இருந்த கேப்டன் பால் அந்தோணியை 1985-ல் தற்காலிக நீக்கம் செய்தது. பிழைப்புப்படி கொடுக்கவில்லை. கேரளத்தில் இருந்த அவர் உடல்நலக் குறைவாலும் கையில் பணம் இல்லாமையாலும் கோலாருக்கு விசாரணைக்குப் போக முடியவில்லை. அவர் இல்லாமலேயே விசாரணையை முடித்து நீக்கிவிட்டார்கள். 1999-ல் உச்ச நீதிமன்றம் அந்த நீக்கத்தை ரத்து செய்தது. வண்டிச் சத்தத்துக்கும் வழியில்லாமல் செய்துவிட்டு "வந்து பதில் சொல்" என்பது விசாரணை ஆகுமா?

பெண் ஊழியர்கள்

இப்போது சாலைக் கடைகளில் பெண்கள் ஏராளமாக வேலை பார்க்கிறார்கள். காலை முதல் இரவு வரை நின்றே வியாபாரம் செய்ய வேண்டிய நிலை பல ஜவுளிக் கடைகளில் இருந்தது. கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் விஜி என்ற பெண்மணி முன்னின்று நடத்திய 'பெண்கூட்டு' அமைப்பு முதலில் கழிப்பறைக்காகவும், பிறகு உட்காரும் உரிமைக்காகவும் போராடியது. அதன் பயனாக 2018-ல் கேரளக் கடைகள் சட்டம் திருத்தப்பட்டது. உட்கார இருக்கை தருவது கட்டாயமாயிற்று. தமிழ்நாடும் 2021-ல் இதே திருத்தத்தைக் கொண்டு வந்தது. ஒரு ஸ்டூல் வாங்கிப் போட எவ்வளவு ஆகும்? அதைச் செய்யாமல் விட்டது, ஒரு மாநிலமே சட்டம் இயற்றும்படி ஆயிற்று.

பாலியல் தொல்லை பற்றிய சட்டம் 2013-ம் ஆண்டுடையது. 1997-ல் உச்ச நீதிமன்றம் விசாகா வழக்கில் தந்த நெறிமுறைகளே இதற்கு அடிப்படை. 10 பேர் அல்லது அதற்கு மேல் உள்ள இடத்தில் புகார்க் குழு வைக்க வேண்டும். தலைவர் பெண்ணாக இருக்க வேண்டும், உறுப்பினரில் பாதிப் பேராவது பெண்கள், ஒருவர் வெளியார். குழு இல்லையென்றால் 50,000 ரூபாய் வரை அபராதம். சிறு கடை ஊழியர்கள் மாவட்டத்தில் உள்ள உள்ளூர்க் குழுவிடம் புகார் செய்யலாம். "நம் கடையில் அப்படி எதுவும் நடக்காது" என்று சொல்பவர்களே அதிகம். நடக்காமல் இருக்கட்டும். ஆனால் நடந்தால் யாரிடம் சொல்வது என்று அந்தப் பெண்ணுக்குத் தெரிய வேண்டும். புகார் சொன்னவரையே வேலையை விட்டு அனுப்பினால், ஒரு வழக்கு இரண்டாகும்.

நோட்டீஸ் வந்துவிட்டால்?

முதல் விதி, வாங்காமல் திருப்பி அனுப்பாதீர்கள். போகாமலும் இருக்காதீர்கள். ஆஜராகாவிட்டால் எதிர்த்தரப்பு சொன்னதை மட்டும் வைத்து ஒருதலையாகத் தீர்ப்பாகிவிடும்.

அடுத்து, பழைய தேதி போட்டுப் புதிய பதிவேடு எழுதாதீர்கள். வெற்றுத் தாளில் வாங்கிய கையெழுத்தை நிரப்பாதீர்கள். இது எளிதில் வெளிப்படும். கூலித் தகராறாக இருந்தது குற்ற வழக்காக மாறும். மற்ற ஊழியர்களை மிரட்டிச் சாட்சி சொல்ல வைப்பதும் அப்படியே.

கோரிக்கைகளைத் தனித்தனியாகப் பிரித்துப் பாருங்கள். உண்மையில் கொடுக்க வேண்டியது எது, கூடுதலாகக் கேட்டது எது என்று கணக்கிடுங்கள். கொடுக்க வேண்டியதை உடனே கொடுத்துவிட்டு, மீதியை எதிர்த்து வாதாடுங்கள். அப்படிச் செய்பவரின் பேச்சுக்கு மன்றத்தில் மதிப்பு உண்டு. தொழிலாளர் அலுவலர் முன்னிலையில் சமரசப் பேச்சு நடக்கும். அங்கேயே முடித்துக்கொள்வது இருவருக்கும் நல்லது. உடன்பாட்டை எழுதி, அதிகாரி முன் கையெழுத்திட்டு, காசோலையாகக் கொடுங்கள். தெருமுனையில் நாலு பெரியவர்களை வைத்துப் பேசி முடித்தது பிறகு நிற்பதில்லை.

தோவாளைக்காரர் விஷயமும் அப்படித்தான் முடிந்தது. மூன்றாவது பேச்சில் கிராஜுவிட்டி முழுவதும், விடுமுறைச் சம்பளப் பாக்கியும் கொடுக்க வியாபாரி ஒப்புக்கொண்டார். மற்றக் கோரிக்கைகளை ஊழியர் விட்டுக்கொடுத்தார். சரக்குக் குறைவு மட்டும் கடைசி வரை நிரூபணமாகவில்லை. 23 ஆண்டு உழைத்த ஒருவர் மேல் அந்தச் சந்தேகம் தீராமலே நின்றுவிட்டது. முதல் நாளே முறையாக விசாரித்திருந்தால், குற்றமாயிருந்தால் தெரிந்திருக்கும், இல்லையென்றால் பழி நீங்கியிருக்கும்.

போகும் ஆளின் கணக்கைத் தீர்ப்பதற்கும் இப்போது காலக்கெடு உண்டு. அவரே விலகினாலும், நாம் நீக்கினாலும் இரண்டு வேலை நாளுக்குள் சம்பளப் பாக்கியைக் கொடுக்க வேண்டும் என்கிறது கூலித் தொகுப்பு. மனக்கசப்போடு போகிறவர்கூட, கணக்கு நேராக இருந்தால் வக்கீலைத் தேடிப் போவதில்லை.

"வீட்டுப் பிள்ளை மாதிரி வைத்திருக்கிறோம், இவ்வளவு காகிதம் எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். வீட்டுப் பிள்ளைக்கும் சொத்தில் பங்கு எழுதித்தானே வைக்கிறோம்? அன்பு இருக்கட்டும், அதோடு பதிவேடும் இருக்கட்டும். நம் சங்கம் ஆண்டுக்கு ஒரு முறையாவது தொழிலாளர் துறை அதிகாரி ஒருவரையும் வக்கீல் ஒருவரையும் அழைத்து, கடைக்காரர்களும் ஊழியர்களும் சேர்ந்து உட்கார்ந்து கேட்கும்படி ஒரு கூட்டம் நடத்தினால் நல்லது. நிர்வாகிகள் இதைக் கவனிக்க வேண்டுகிறேன். அதுவரை, இதைப் படிக்கும் கடைக்கார அன்பர்கள் இந்த வாரமே ஒரு காரியம் செய்யலாம். கடையில் உள்ள ஒவ்வொருவர் பெயரையும், சேர்ந்த தேதியையும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். தேதி தெரியாத பெயர் எத்தனை என்று எண்ணி, அவர்களிடமிருந்து வேலையைத் தொடங்குங்கள்.